அன்ட்ராய்ட் 15 வந்துவிட்டதா? முதலில் திருட்டுப் பாதுகாப்பைப் போடுங்கள்

அன்ட்ராய்ட் 15 முதலில் 2024 ஒக்டோபரில் கூகிளின் பிக்சல் போன்களுக்கு வந்தது. சாம்சங் அதை ஒன் யூஐ 7 என்ற பெயரில் 2025 ஏப்ரலில் இருந்து பழைய மொடல்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது, மற்றக் கொம்பனிகளும் அவரவர் வேகத்தில் கொடுத்தன. 2025 யூனில் 16-உம் வந்துவிட்டது. உங்கள் போனில் 15 இருந்தாலும் 16 இருந்தாலும் கீழே சொல்லும் செட்டிங்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த அப்டேட்டில் கூட்டிக் குறைக்கப்பட்ட விஷயங்கள் நிறைய உண்டு, ஆனால் நல்லூர்த் திருவிழா நெரிசலிலோ பஸ் நிலையத்திலோ போனைப் பறிகொடுத்தால் அதற்குள் இருக்கும் வங்கிக் கணக்கும் படங்களும் வட்ஸ்அப்பும் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் பகுதி திருட்டுப் பாதுகாப்பு ஒன்றுதான். அதனால் இந்தப் பதிவில் அதற்குத்தான் அதிக இடம்.

முதலில் என்ன வேர்ஷன் என்று பாருங்கள்

செட்டிங்ஸைத் திறந்து அடிமட்டுக்கும் போனால் அபௌட் போன் இருக்கும் (சில போன்களில் இது மேலேயே இருக்கும்). அதற்குள் அன்ட்ராய்ட் வேர்ஷன் என்று ஓர் எண் தெரியும். அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்க்க, சாம்சங்கில் செட்டிங்ஸுக்குள் சொஃப்ட்வெயார் அப்டேட், பிக்சலில் சிஸ்டம் என்பதற்குள் அதே பெயர், ரெட்மியில் அபௌட் போனுக்குள்ளேயே மேலே தெரியும் ஹைப்பர் ஓஎஸ் படத்தை அழுத்த வேண்டும்.

பெரிய அப்டேட் என்றால் ஜிபி கணக்கில் இறங்கும், ஆகவே ரீலோட் போட்ட டேட்டாவில் இறக்காமல் வைபை உள்ள இடத்தில் செய்யுங்கள். பட்டரியை நன்றாக ஏற்றிவிட்டு, படங்களையும் தொடர்பு எண்களையும் பக்கப் எடுத்த பிறகு தொடங்குங்கள்.

உங்கள் போனுக்கு 15 வரவே வராது என்றால் பதிவை மூடிவிட வேண்டாம். திருட்டுப் பாதுகாப்பின் முக்கியமான மூன்று வசதிகளையும் கூகிள் பிளே சேவை வழியாக அன்ட்ராய்ட் 10-உம் அதற்கு மேலும் உள்ள போன்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பழைய போனிலும் இது வேலை செய்யும்.

போனில் இருக்கும் கூகிள் கணக்கு யாருடையது?

எல்லாமே தொங்கி நிற்பது இந்த ஒரு கேள்வியில்தான், எங்கள் ஊரில் இது உண்மையாகவே பெரிய பிரச்சினை. கனடாவில் இருந்து மாமா அனுப்பிய போன், அதற்குள் மாமாவின் ஜீமெயில் இன்னும் இருக்கிறது. அல்லது கடையில் வாங்கும்போது அங்கே நின்ற தம்பி அவசரத்தில் ஒரு ஜீமெயிலைத் திறந்து தந்தார், பாஸ்வேர்ட் என்னவென்று அவருக்கும் இப்போது நினைவில்லை, வாங்கிய ஐயாவுக்கும் தெரியாது. போன் தொலைந்த பிறகு அதைத் தேடவும் அழிக்கவும் அந்தக் கணக்குக்குள் நுழைய வேண்டும். நுழைய முடியாது என்றால் கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்குக் கை கொடுக்காது.

செட்டிங்ஸில் கூகிள் என்பதை அழுத்துங்கள். மேலே தெரியும் மின்னஞ்சல் உங்களுடையதா, பாஸ்வேர்ட் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் போன் கையில் இருக்கும் இப்போதே மாற்றுங்கள், மனேஜ் கூகிள் அக்கவுண்ட் என்பதற்குள் செக்யூரிட்டி பகுதியில் அது இருக்கிறது. மாமாவின் கணக்கு என்றால் உங்கள் பெயரில் புதிதாக ஒன்று திறந்து, படங்களையும் எண்களையும் அதற்கு மாற்றியபின் மாமாவினதை எடுத்துவிடுங்கள்.

அதே செக்யூரிட்டி பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஒரு கோட்டும் கேட்பது) போட்டிருக்கிறீர்கள் என்றால், பக்கப் கோட்ஸ் என்ற இடத்தில் 10 எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். அவற்றைக் கடதாசியில் எழுதி வீட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஏனென்றால் தொலைந்த போனுக்கே கோட் போனால் நீங்கள் வெளியில் நிற்பீர்கள், திருடன் உள்ளே இருப்பான்.

இப்போது மூன்று பொத்தான்கள்

சரி, விஷயத்துக்கு வருவோம். செட்டிங்ஸ், கூகிள், ஓல் சேர்விசஸ், அதற்குள் தெஃப்ட் புரொடெக்ஷன். ஒன் யூஐ 7 உள்ள சாம்சங்கில் செக்யூரிட்டி அன்ட் பிரைவசி, லொஸ்ட் டிவைஸ் புரொடெக்ஷன், பிறகு தெஃப்ட் புரொடெக்ஷன். கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடலில் தெஃப்ட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், உடனே வரும். போனில் பின் நம்பரோ பாஸ்வேர்டோ போட்டிருப்பது கட்டாயம். பிறந்த ஆண்டைப் பின்னாக வைத்திருந்தால் தயவுசெய்து 6 இலக்கத்தில் வேறொன்று போடுங்கள்.

முதலாவது தெஃப்ட் டிடெக்ஷன் லொக். போன் திறந்தபடி கையில் இருக்கும்போது யாராவது பறித்துக்கொண்டு ஓடினாலோ மோட்டார் சைக்கிளில் பறந்தாலோ, அந்தத் திடீர் அசைவைப் போனின் சென்சர்கள் உணர்ந்து திரையைப் பூட்டிவிடும். எல்லா முறையும் பிடித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது, ஆனாலும் போடாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது ஓஃப்லைன் டிவைஸ் லொக். திருடியவர் முதலில் செய்வது டேட்டாவை நிறுத்துவதுதான், அப்போதுதான் நீங்கள் தூரத்தில் இருந்து எதுவும் செய்ய முடியாது. போன் திறந்த நிலையில் சிறிது நேரம் இணையத் தொடர்பு இல்லாமல் இருந்தால் இது தானாகப் பூட்டும். தீவுப் பக்கம் போகும்போது சிக்னல் இல்லாமல் போன் திடீரென்று பூட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், வழமைபோல பின் போட்டுத் திறக்கலாம்.

மூன்றாவது ரிமோட் லொக், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாஸ்வேர்ட் எதுவும் நினைவுக்கு வராத பதற்றத்திலும் தொலைபேசி இலக்கம் நினைவிருக்கும் அல்லவா, அதை வைத்தே பூட்டலாம். இந்தப் பொத்தானைப் போடும்போது உங்கள் இலக்கத்தைச் சரிபார்க்கும், அது முடிந்ததா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு தேவைப்படும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரின் போனில் அன்ட்ராய்ட் டொட் கொம் என்ற முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, லொக் என்று ஆங்கிலத்தில் அடித்து, இலங்கையின் +94-ஐத் தெரிவு செய்து, முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு இலக்கத்தைக் கொடுங்கள். போன் இணையத்தில் இருந்தால் பூட்டிவிடும், இல்லாவிட்டால் மறுபடி இணையத்துக்கு வரும்போது பூட்டும்.

இந்த முகவரியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், இயன்றால் இன்றைக்கே ஒருமுறை செய்து பழகுங்கள்.

15 உள்ளவர்களுக்கு மேலதிகமாக

பிக்சலிலும் ஒன் யூஐ 7 உள்ள சாம்சங்கிலும் ஐடென்டிட்டி செக் என்று ஒன்று அதே பக்கத்தில் கிடைக்கிறது. பஸ்ஸில் பின்னால் நின்று உங்கள் பின் நம்பரைப் பார்த்தவர் பிறகு போனையும் எடுத்துவிட்டால், பின்னை மாற்றவும் திருட்டுப் பாதுகாப்பை நிறுத்தவும் முயல்வார். இதைப் போட்டிருந்தால், நீங்கள் நம்பிக்கையான இடங்கள் என்று குறித்த வீடு, வேலைத்தலம் தவிர்ந்த இடங்களில் அப்படியான மாற்றங்களுக்குக் கைரேகையோ முகமோ கட்டாயம், பின் மட்டும் போதாது. ஒன்றைக் கவனியுங்கள்: வெங்காயத் தோட்டத்திலோ புகையிலையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்களின் கைரேகை தேய்ந்து அடிக்கடி பிழைக்கும். அவர்கள் இரண்டு மூன்று விரல்களையாவது பதிந்துவிட்டு இதைப் போடுவது நல்லது.

பிரைவேட் ஸ்பேஸ் பற்றியும் கேட்கிறார்கள். பிக்சல் போன்ற போன்களில் செக்யூரிட்டி அன்ட் பிரைவசிக்குள் இருக்கிறது, வங்கி அப் போன்றவற்றைத் தனிப் பூட்டுப் போட்ட இடத்தில் வைக்கலாம், அந்த இடத்தையே கண்ணில் படாமல் மறைக்கவும் முடியும். சாம்சங்கில் இதே வேலைக்குச் செக்யூர் போல்டர் முன்பிருந்தே உண்டு. ஆனால் பிரைவேட் ஸ்பேஸ் பூட்டியிருக்கும்போது உள்ளே உள்ள அப்கள் நின்றுவிடும், அறிவித்தலும் வராது. லண்டனில் இருந்து மகள் எடுக்கும் வைபரையோ வட்ஸ்அப்பையோ மருந்து நேரம் சொல்லும் அப்பையோ அதற்குள் போடாதீர்கள். புதுப் போனுக்கு மாறும்போதும் இந்த இடம் அப்படியே கூட வராது, புதிதாகத்தான் அமைக்க வேண்டும்.

நாங்கள் எதையும் அழுத்தாமலே 15 செய்யும் ஒரு நல்ல வேலையும் உண்டு. யாராவது வங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லி உங்கள் திரையைப் பகிரச் செய்தால், அந்த நேரத்தில் வரும் ஓ.டி.பி (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண்) அறிவித்தலின் உள்ளடக்கத்தை அது மறைக்கிறது. அதற்காகத் திரையைப் பகிரலாம் என்று அர்த்தமில்லை, வங்கி எதுவும் அப்படிக் கேட்காது.

இடம் போதாத 64 ஜிபி போன்காரருக்கு ஆர்கைவ் வசதி உதவும். அப் இன்ஃபோவுக்குள் ஆர்கைவ் என்பதை அழுத்தினால் அப் போய்விடும், உங்கள் தகவல் இருக்கும், திரும்ப அழுத்தினால் இறங்கும்.

தொலைந்தால் எந்த வரிசையில்

முதலில் ரிமோட் லொக். அடுத்து இன்னொரு போனில் உங்கள் கூகிள் கணக்கால் ஃபைன்ட் ஹப்புக்குள் போய் (முன்பு ஃபைன்ட் மை டிவைஸ் என்றிருந்ததுதான்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்த்த இடத்துக்குத் தனியே போக வேண்டாம். உடனேயே சிம் கொம்பனிக்கு எடுத்து சிம்மை நிறுத்துங்கள், ஓ.டி.பி எல்லாம் அந்த இலக்கத்துக்குத்தான் போகிறது, வங்கிக்கும் சொல்லுங்கள். போன் திரும்பி வராது என்று முடிவெடுத்த பிறகுதான் அழிப்பதற்கான பொத்தான், ஏனென்றால் அழித்தபின் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது.

பொலிசில் முறைப்பாடு கொடுக்க ஐ.எம்.ஈ.ஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வேண்டும். இப்போதே டயல் செய்யும் இடத்தில் *#06# அடியுங்கள், 15 இலக்க எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு வரும். போனுக்குள் மட்டும் படம் எடுத்து வைத்தால் பிரயோசனம் இல்லை, கடதாசியில், அந்தப் பக்கப் கோட்ஸ் எழுதிய அதே கடதாசியிலேயே எழுதுங்கள்.

பழைய போன் வாங்குபவர்களும் விற்பவர்களும் இதையும் பார்க்க வேண்டும். 15-இல் ஃபக்டரி ரீசெட் பாதுகாப்பை இறுக்கியிருக்கிறார்கள், செட்டிங்ஸ் வழியாக அல்லாமல் வேறு வழியில் அழித்த போனைப் பழைய உரிமையாளரின் கணக்கோ பூட்டோ இல்லாமல் பாவிக்கவே முடியாது. ஆகவே வாங்கும்போது விற்பவர் உங்கள் முன்னாலேயே கூகிள் கணக்கை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்து, போன் புதிதாகத் திறந்து முதல் பக்கம் வரும்வரை காசைக் கொடுக்காதீர்கள். மாமா அனுப்பும் போனுக்கும் இதே கதைதான், அங்கேயே கணக்கை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.