பத்திரிகையாளர் விட்டுச்சென்ற காகிதங்கள்: கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்திலும், நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, பாலக்காடு என எல்லையை ஒட்டிய ஊர்களிலும் அரசியல் செய்தி எழுதிய ஒருவர் காலமானால், பதினாறு கழிந்த பிறகுதான் வீட்டை ஒதுக்குவார்கள். அப்போதுதான் பரணில் இருக்கும் தகரப்பெட்டி கீழே இறங்கும். உள்ளே நோட்டுகள், பேப்பர் கட்டிங், கார்பன் படிகள், தலைவர்கள் எழுதிய கடிதங்கள், கூட்ட நோட்டீசுகள், தந்தி ரசீதுகள். மழையும் சிதலும் நாற்பது வருடத்தில் செய்யாத சேதத்தை அந்த ஒரு வாரத்தில் நல்ல மனதோடு செய்துவிடுகிறார்கள்.

நம் பகுதிக்கு இது சின்ன இழப்பு அல்ல. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த அந்தப் போராட்டக் காலத்தைத் திருவனந்தபுரத்துக் கோப்பு ஒரு விதமாகச் சொல்லும், சென்னைக் கோப்பு வேறு விதமாகச் சொல்லும். இன்று தமிழ்நாடு முழுக்க வரும் தினமலர்கூட 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியதுதான். கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்த ஊர் நிருபரின் நோட்டுக்கு மாற்றுப் பிரதி எங்கும் கிடையாது.

முதல் தவறு: இனம் பிரித்து அடுக்குவது

கடிதம் ஒரு பக்கம், கட்டிங் ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் வேலை முடிந்ததுபோலத் தெரியும். மற்ற தவறுகளையெல்லாம் ஓரளவு சரிசெய்யலாம். இதை முடியாது. அதனால் இதையே விரிவாகச் சொல்கிறோம்.

இப்படி ஒரு கட்டு கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். துருப்பிடித்த குண்டூசி ஐந்து தாள்களைச் சேர்த்துக் குத்தியிருக்கிறது. மேலே ஒரு மலையாள நோட்டீசு: குழித்துறையில் பொதுக்கூட்டம், மாலை 5 மணி. அதன் பின்பக்கம் பென்சிலில் நான்கு பெயர்கள், மூன்றாவது பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. அடுத்தது, மெல்லிய டைப் தாளில் நீலக் கார்பன் படி; அவர் அனுப்பிய செய்தி. மூன்றாவது தந்தி ரசீது, வட்ட முத்திரையில் தேதியோடு. நான்காவது, அச்சில் வந்த கட்டிங். கார்பனில் உள்ள இரண்டு பத்திகள் இதில் இல்லை. ஐந்தாவது, ஒரு கட்சிக்காரர் இன்லண்ட் லெட்டரில் எழுதிய மறுப்பு. அழைப்பு வந்ததிலிருந்து மறுப்பு வந்தது வரை ஒரு செய்தியின் ஓட்டம் முழுதும் அந்த ஒரு குண்டூசியில் நிற்கிறது. நோட்டீசை நோட்டீசோடும் கடிதத்தைக் கடிதத்தோடும் சேர்த்துவிட்டால் ஐந்தும் தனித்தனித் தாள்கள் ஆகிவிடும். எந்த இரண்டு பத்திகளைப் பத்திரிகை அலுவலக டெஸ்க் வெட்டியது, யார் கோபப்பட்டார் என்பதை அதன் பிறகு எவராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது. பெட்டிக்கு முதலில் எண் போடுங்கள். மூடியைத் திறந்ததும், எதையும் எடுக்கும் முன் மேலிருந்து ஒரு போட்டோ. ஒவ்வொரு அடுக்கு எடுத்த பிறகும் இன்னொன்று. எந்தக் கட்டோடு எது இருந்ததோ அதை அப்படியே ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் 2பி பென்சிலால் ‘பெ3–உ12’ என்று எழுதுங்கள்: மூன்றாம் பெட்டி, பன்னிரண்டாம் உறை. உள்ளே உள்ள தாள்களுக்குப் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சில் எண் போதும். பேனாவும் மார்க்கரும் வேண்டாம். ஈரம் பட்டால் மை பரவி எழுத்தையே மூடிவிடும். ஏற்கெனவே யாராவது கலைத்துவிட்டிருந்தால், ஊகித்துத் திரும்ப அடுக்காதீர்கள். இருக்கிற வரிசையிலேயே எண் போட்டு, ‘இந்தப் பெட்டி முன்பே கலைந்தது’ என்று ஒரு சீட்டு வையுங்கள்.

வேண்டாதது என்று ஒதுக்குவதும் இதே வகைத் தவறுதான். பயணப்படி பில், பஸ் டிக்கெட், போன் நம்பர் எழுதிய சிறு டைரி, சைக்ளோஸ்டைல் அறிக்கை ஆகியவைதான் முதலில் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, போகின்றன. அவர் அன்று களியக்காவிளையில் இருந்தாரா, நாகர்கோவிலில் உட்கார்ந்து கேட்டு எழுதினாரா என்பதற்கு அந்த பஸ் டிக்கெட்தான் சாட்சி. ‘மலையாளத்தில் இருக்கிறது, நமக்கு எதற்கு’ என்று ஒதுக்கப்படும் கட்டுகளும் நிறைய. எல்லை நிருபரின் நோட்டில் பேச்சு எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியில் குறிப்பு இருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று மொழி வரும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது.

தேதியில் ஏமாறுவது

பழைய திருவிதாங்கூர்ப் பக்கத்துத் தாள்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிக்கப் பலர் எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டிவிடுகிறார்கள். கொல்லம் ஆண்டு சிங்கம் முதல் தேதி, அதாவது நம் ஆவணி ஒன்றில் பிறக்கிறது. ஆகவே சிங்கம் முதல் தனு பாதிவரை, ஆங்கிலக் கணக்கில் டிசம்பர் 31 வரை, கூட்ட வேண்டியது 824. ஜனவரி முதல் கர்க்கடகம் (நம் ஆடி) முடியும்வரை 825. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த 1954 ஆகஸ்ட் 11 என்பது 1129 கர்க்கடகம். அதற்கு ஒரு வாரம் கழித்து எழுதிய கடிதத்தில் 1130 சிங்கம் என்று இருக்கும். இரண்டுக்கும் 825 கூட்டினால் கடிதம் 1955-க்குத் தாவிவிடும். பட்டியலில் இரண்டு தேதிகளையும் எழுதுங்கள்: தாளில் உள்ளபடி ஒன்று, மாற்றிய கணக்கு ஒன்று.

கட்டிங்குக்கு வேறு சிக்கல். பத்திரிகை பெயரும் தேதியும் இல்லாமல் வெட்டியிருப்பார்கள். பின்பக்கத்தைப் பாருங்கள், சினிமா விளம்பரமோ வானிலைக் குறிப்போ நாளைக் காட்டிக்கொடுக்கும். செய்தியின் டேட்லைனில், அதாவது தொடக்கத்தில் ஊரும் நாளும் குறிக்கும் இடத்தில், உள்ள தேதி நிருபர் அனுப்பிய நாள், பேப்பர் வந்த நாள் அல்ல. பதிப்பும் முக்கியம். ஒரே நாளில் நாகர்கோவில் பதிப்பில் முதல் பக்கம் வந்தது சென்னைப் பதிப்பில் வராமலே போயிருக்கலாம். ஊர்ப்பெயரைத் தாளில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் இன்றைய வழக்கைச் சேருங்கள்.

குண்டூசி, செலோடேப், பாச்சை உருண்டை

துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுத்தால் தாளில் ஓட்டை கிழிசலாகும். தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, ஊசியை மேலே தூக்கி, மெல்ல நிமிர்த்தி எடுங்கள். எடுத்த தாள்களை மீண்டும் ஸ்டேப்ளர் போட்டுச் சேர்க்காமல், ஒரே மடிப்புத் தாளுக்குள் வைத்தால் போதும்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் டேப் கழன்று விழும். பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி, எழுத்தையும் ஒளி ஊடுருவும்படி ஆக்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு உருகி ஒட்டிவிட்டால் பிரிக்க வழியே இல்லை. கிழிசலைக் கிழிசலாகவே உறையில் வையுங்கள்.

செய்தித்தாள் காகிதம் மரக்கூழிலிருந்து வருவது. அதில் உள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலமாக மாறுகிறது. கட்டிங்கைக் கடிதத்தின் மேல் நேரடியாக வைத்தால், சதுரமாக ஒரு பழுப்பு நிழல் கடிதத்தில் படிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அமிலமில்லாத வெள்ளைத் தாள் ஒன்று வேண்டும். வெயிலில் காயப்போடுவது இங்கே பழக்கம். நெல்லுக்குச் சரி, பேப்பருக்கு ஆகாது. ஒரே பகல் வெயிலில் நிறம் மாறத் தொடங்கி, மடிப்பில் பொடியும்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை, ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று குமரிக்கு இரண்டு மழைக்காலம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. அலமாரிக்குள் ஒன்று வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் பெட்டி வேண்டாம். தரையிலிருந்து ஓரடி, சுவரிலிருந்து அரையடி இடைவெளி இருந்தால் சிதல் மண்கூடு ஏறுவது கண்ணில் படும். பாச்சை உருண்டையைத் தாள்களுக்கு நடுவே போடாதீர்கள். அது பூச்சியை முழுதாகக் கொல்லாது, கையாள்பவரின் உடம்புக்கும் கெடுதல். இராமபாணப் பூச்சி இருந்தால், கட்டைக் கனமான பாலிதீன் பையில் காற்றை நீக்கி ஒட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். போட்டோ, கேசட்டை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

2017 ஒக்கி புயல், 2018 கேரள வெள்ளம் மாதிரி நேரத்தில் தாள் நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் விசிறிக் காற்றில், நேரடியாக அடிக்காதபடி, உறிஞ்சும் தாள் நடுவே வைத்து உலர்த்துங்கள். முடியாத அளவு இருந்தால் அப்படியே பையில் போட்டு உறைய வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தில் பிரிக்காதீர்கள்.

மங்கிப்போகும் ஃபேக்ஸ், திறக்காத ஃபைல்

எண்பது, தொண்ணூறுகளின் ஃபேக்ஸ் சுருள் சூட்டில் எழுத்து வரும் தெர்மல் தாள். பிளாஸ்டிக் உறையில் வைத்தாலோ வெளிச்சம் பட்டாலோ வெள்ளையாகிவிடும். பெட்டியில் மற்ற எதையும் தொடும் முன் அவற்றைப் போட்டோ எடுங்கள். பேட்டி கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் ஒடித்துவிட்டால், தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் பழைய குரல் அழியாது.

2000-க்கு முன்பின் எழுதிய தமிழ் ஃபைல்கள் டிஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று வெவ்வேறு குறிமுறைகளில் இருக்கும். திறந்தால் குப்பை எழுத்தாகத் தெரிகிறது என்று அழித்துவிடுகிறார்கள். அவர் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துருக் கோப்புகளை முதலில் தனியே எடுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் மூல ஃபைலை வைத்திருங்கள். மாற்றியில் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு பிசகுவது சகஜம், ஒப்பிட மூலம் வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடர் எந்திரத்தை அணுகவே விடாதீர்கள். தட்டு ஸ்கேனரில் 300 டிபிஐ, பொடி எழுத்துக்கும் போட்டோவுக்கும் 600. மூலப் பிரதி டிஃப் (TIFF) கோப்பாக, படிக்க ஜேபெக் (JPEG) கோப்பாக. வெற்றாகத் தெரிந்தாலும் பின்பக்கம், கவரின் முத்திரை இரண்டையும் எடுங்கள். மூன்று பிரதி, ஒன்று வேறு ஊரில்.

சட்டமும் நம்பிக்கையும்

அமைச்சர் எழுதிய கடிதம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதால் அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. தாள் பெற்றவருடையது, எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். இந்தியச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருந்தபோது வெளியான எழுத்துக்கு அது அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு; அவர் மறையும்வரை வெளியாகாத கடிதத்துக்கு, முதலில் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அவர் சம்பளத்தில் இருந்து எழுதிய கட்டுரை என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. மற்ற உரிமை எழுதியவருக்கு.

தகவல் கொடுத்தவரின் பெயர் நோட்டில் இருக்கும். ‘பெயர் போடாதே’ என்று கேட்டுச் சொன்ன குமாஸ்தா இன்னும் உயிரோடு இருக்கலாம், அதே தெருவில் அவர் பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம், இணையத்தில் ஏற்றவும் வேண்டாம். தனி உறையில் போட்டு, இத்தனை ஆண்டு திறக்கக் கூடாது என்று குறியுங்கள். எடுத்த இடத்தில் ஒரு சீட்டு நிற்கட்டும். ‘ரகசியம்’ முத்திரையிட்ட அரசுக் கோப்பு கிடைத்தால் 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதை நினைத்து, போட்டோ எடுத்துப் பரப்பும் முன் வக்கீலைக் கேளுங்கள்.

வாசிப்பவர் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: கார்பன் படியை வெளியான செய்தி என்று எடுத்துக்கொள்வது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரையிலான நெருக்கடிநிலைத் தாள்களில் தணிக்கையால் அச்சேறாத காப்பி கிடக்கலாம். அன்றைய பேப்பரின் பக்கத்தோடு வைத்துப் பார்த்த பிறகே ‘வெளியானது’ என்று எழுதுங்கள். துப்பாக்கிச் சூடு, கலவரம் போன்றவற்றில் முதல் நாள் எண்ணிக்கையும் பிந்திய எண்ணிக்கையும் மாறும். ஒற்றைக் கட்டிங்கை வைத்து இறந்தவர் கணக்குச் சொல்லாதீர்கள்.

எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, வாயால் பேசிப் பெட்டியை ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகம் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. தமிழ்த்தாள் சென்னைக்கு, மலையாளத்தாள் திருவனந்தபுரத்துக்கு என்று பங்கு போட்டால், மேலே சொன்ன குண்டூசிக் கட்டு இரண்டு மாநிலத்தில் கிடக்கும். முழுச் சேகரமும் ஒரே இடத்துக்கு, மற்ற இடத்துக்கு ஸ்கேன் பிரதி. கைமாறும் தாளில் பெட்டி எண்ணிக்கை, உறைப் பட்டியல், மூடி வைக்க வேண்டிய உறைகளும் அவற்றின் காலக்கெடுவும், பதிப்புரிமை யாரிடம் என்பது, வேண்டாம் என்று நூலகம் ஒதுக்கும் தாளைக் குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஆகியவை இருக்கட்டும். இரு பக்கமும் கையெழுத்திட்ட படி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.