வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையை உண்மையாக் குறைக்கிறது எப்பிடி? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு

பொலித்தீன் கூடாது எண்டு தெரியாத ஆள் இண்டைக்கு எங்கட பக்கத்துல இல்ல. மூணாம் ஆண்டுப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும், சுற்றாடல் பாடத்துல படிச்சிருக்கும், போஸ்டரும் கீறியிருக்கும். ஆனா பின்னேரமானா ஒவ்வொரு வளவு மூலையிலயும் புகை கிளம்புது, கல்லடிப் பாலத்துக்குக் கீழ பார்த்தா யோகட் கப் மிதக்குது. அறிவு வந்திட்டு, பழக்கம் வரல்ல. ஏன் எண்டு கேட்டா என்ட அபிப்பிராயம் இதுதான்: எங்கட ஊர்கள்ல ஒரு விசயம் மாறணும் எண்டா அது மரியாதையோட, வெட்கத்தோட, புண்ணியத்தோட சேரணும், பாடப்புத்தகத்துல மட்டும் இருந்தா மாறாது. அதனால வீட்டுக்குள்ள என்ன செய்யலாம் எண்டதையும் அதை ஊர் வழக்கத்தோட எப்பிடிக் கோர்க்கிற எண்டதையும் சேர்த்துத்தான் எழுதுறன்.

முதல்ல ஒரு கிழமைக்கு எதையும் மாத்த வேணாம். பழைய அரிசி உரபேக் ஒண்டைக் குசினிக்குப் பின்னால தொங்கவிட்டு, வீட்டுக்குள்ள வாற எல்லாப் பிளாஸ்டிக்கையும் அதுக்குள்ள போடச் சொல்லுங்க. எரிக்கக் கூடாது, மதிலுக்கு வெளியில வீசக் கூடாது. கிழமை முடிய நிலத்துல கொட்டிப் பாருங்க, புள்ளைகளையும் பக்கத்துல இருத்திக் கொண்டு. அனேகமான வீடுகள்ல நாலு சாமான்தான் கூட இருக்கும்: சொப்பிங் பேக், சாப்பாட்டுப் பார்சல் சீட், பிஸ்கட் டொபி உறை, குடிதண்ணி சோடாப் போத்தல். சின்னப் புள்ள இருக்கிற வீடெண்டா பம்பர்ஸும் வரும். இந்தக் குவியலைக் கண்ணால பார்க்கிறதுதான் பெரிய படிப்பு, யாரும் பிரசங்கம் வைக்கத் தேவையில்ல.

அடுத்தது எரிக்கிறதை நிப்பாட்டுறது. இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டன், மற்றதெல்லாம் மெதுவா வரட்டும் இது மட்டும் உடனே நிக்கணும். எங்கட பொம்புளைகள் காலையில வெள்ளன எழும்பி முற்றம் கூட்டுற அழகு வேற எங்கயும் இல்ல, மணல்ல ஈர்க்கில் கோடு விழ விழக் கூட்டுவாங்க, கூட்டாத முற்றம் வீட்டுக்கு வெட்கம். ஆனா கூட்டினதை மூலையில குவிச்சு சருகோட பொலித்தீனையும் சேர்த்து நெருப்பு வைக்கிறதும் அதே சுத்தத்துக்காகத்தான் எண்டு நினைக்கிறாங்க. அந்தப் புகை எங்க போகுது? சமைக்கிற உம்மாட மூச்சுக்குள்ள, தொட்டில்ல கிடக்கிற புள்ளட நெஞ்சுக்குள்ள, பக்கத்து வீட்டு இளைப்புக்கார மனுசனுக்கு. வளவு நெருப்பு சூடு காணாத நெருப்பு, பிளாஸ்டிக் முழுசா எரியாது. பிவிசி குழாய், வயர் உறை மாதிரி குளோரின் உள்ள சாமானெண்டா டயொக்சின் எண்ட நஞ்சும் வரும். அது சாம்பல்லயும் தங்கும், அந்தச் சாம்பலைத்தான் சில பேர் மரக்கறிக்குப் போடுறாங்க. 2017ல வந்த வர்த்தமானியில குப்பையைத் திறந்த வெளியில எரிக்கிறதே தடை எண்டு போட்டிருக்கு. ஆனா வீட்டுல சட்டம் கதைச்சா எடுபடாது. "முற்றம் துப்பரவா இருக்கிற மாதிரி மூச்சும் துப்பரவா இருக்கணும்மா" எண்டு சொல்லிப் பாருங்க, அது கேட்கும். சருகையும் தேங்காய் மட்டையையும் தனியாக் குவிச்சு வாழைக்கடியில போடுங்க.

இப்ப பிரிக்கிற வேலை. ரெண்டு உரபேக்கும் ஒரு மூடி வாளியும் போதும். வாளிக்குள்ள மீன் செதில், மரக்கறித் தோல், மிஞ்சின சோறு. இதை வளவுல ஒரு கிடங்கு வெட்டிப் புதையுங்க, நாய் காகம் கிளறாம மேல மண் போடுங்க. ஒரு உரபேக்குக்குள்ள கழுவிக் காயவச்ச போத்தலும் கட்டிப் பிளாஸ்டிக்கும். மற்றதுக்குள்ள மெல்லிய உறைகள். போத்தலுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், பார்த்தீங்களா? 1 எண்டா தண்ணி, சோடாப் போத்தல். 2 எண்டா ஷாம்பு, சலவைத் திரவப் போத்தல் மாதிரியானது. 5 எண்டா கனக்க சாப்பாட்டு டப்பாவும் மூடியும். இந்த மூணுக்கும் வாங்குற ஆள் இருக்கு, பழைய இரும்பு போத்தல் எடுக்க வாறவங்களைக் கேட்டுப் பாருங்க, 1 உள்ள போத்தலை உருக்கி எங்கட நாட்டிலேயே நூலும் பிரஷ் நாரும் செய்றாங்க. பிஸ்கட் உறை, பால்மாப் பக்கெட் அப்பிடியில்ல, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒண்டோட ஒண்டு ஒட்டின சாமான், பிரிக்கிறது கஷ்டம், யாரும் காசு தரமாட்டாங்க. அதனால அதுல செய்யக்கூடியது குறைவா வாங்குறது மட்டும்தான்.

கழுவிப் போடுங்க எண்டு நான் ஏன் இவ்வளவு சொல்றன் தெரியுமா. அம்பாறை மாவட்டத்துல பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுக்கு யானை வாற படங்களை 2022 சனவரியில உலகம் முழுக்கப் பார்த்தது, அதுக்கு முந்தின எட்டு வருசத்துல கிட்டத்தட்ட 20 யானை அந்தக் குப்பையைத் திண்டு செத்திருக்கு. யானைக்குப் பொலித்தீன்ல ஆசையில்ல, அதுல ஒட்டியிருக்கிற சோத்து வாசம்தான் இழுக்குது. வயித்துக்குள்ள பொலித்தீன் அடைஞ்சா அது சாப்பிடவும் மாட்டாது, தண்ணி குடிக்கவும் மாட்டாது, மெலிஞ்சு மெலிஞ்சு சாகும். அந்த மேட்டுல கிடக்கிற பேக் எங்கட குசினியில இருந்து போனதுதான். எச்சில் சோத்தைப் பேக்குக்குள்ள போட்டு முடிச்சுக் கட்டி அனுப்புற பழக்கத்தை மட்டும் விட்டாலே அந்த வாயில்லாச் சீவனுக்கு நாங்க செய்ற பெரிய உதவி. புள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்க, பொலித்தீன்ட தடிப்பு இத்தனை மைக்ரோன் எண்டு கணக்குச் சொல்றதை விட இது மனசுல நிக்கும்.

கடைக்குப் போற நேரம். 2025 நவம்பர் 1ல இருந்து கைபிடி உள்ள சொப்பிங் பேக்கை முதலாளி சும்மா தரக்கூடாது, விலையைப் பில்லுல போடணும். நல்ல சட்டம்தான், ஆனா சில ரூபாய்க்காக மட்டும் மாறின பழக்கம் நிலைக்குமா எண்டு எனக்குச் சந்தேகம். அம்மம்மாமார் சந்தைக்குப் போனா கையில பனையோலை உமல் இருக்கும், உமல் இல்லாமப் போனா கடைக்காரரே என்ன புள்ள வெறுங்கையோட வந்திருக்காய் எண்டு கேட்டிருப்பார். அந்தக் கேள்விதான் திரும்பி வரணும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில ரெண்டு துணிப் பை மடிச்சு வைங்க, வேலையால வாற வழியில சாமான் வாங்குற ஆம்புளைகளுக்குத்தான் இது முக்கியம், வீட்டுல பை தொங்கிக் கொண்டிருந்து என்ன புண்ணியம். மீன்தான் கஷ்டம், ஒத்துக் கொள்றன். துணிப் பைக்குள்ள மீன் போடேலாது. மூடி போட்ட பழைய ஐஸ்கிறீம் டப்பா, இல்லாட்டி சின்ன வாளி கொண்டு போங்க, முதல் நாள் மீன்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பிறகு அவரே வாங்கிப் போடுவார். தயிர் வாங்கினா முட்டியில வாங்குங்க, மட்டக்களப்பு எருமைத் தயிருக்கு முட்டிதான் அழகு, ருசியும் அதுலதான், முட்டி உடைஞ்சாலும் மண்ணோட மண்.

இனி ஊருக்கு வருவம், ஏனெண்டா ஒரு வீடு தனிய எவ்வளவு செய்தாலும் ஒரு நாள் விசேஷத்துல எல்லாம் கொட்டுப்பட்டுப் போயிரும். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, 31ஆம் நாள், கோயில் சடங்கு, கந்தூரி. இதுகள்ல பிளாஸ்டிக் வாறது சோம்பல்ல மட்டுமில்ல, மரியாதை எண்டு நினைச்சுத்தான். ஆளுக்கொரு தண்ணிப் போத்தல் வைக்காட்டிக் குறை சொல்லுவாங்க எண்ட பயம். ஆனா எங்கட மரியாதை எங்க இருந்திச்சு? வட்டாவுல வெத்திலை வச்சு நீட்டுறதுலயும் செம்புல தண்ணி குடுக்கிறதுலயும்தானே. முஸ்லிம் ஊர்கள்ல சஹன்ல நாலஞ்சு பேர் சுத்தி இருந்து ஒரே தட்டுல சாப்பிடுறாங்க, அதுக்கு ஒரு டிஸ்போசபிள் தட்டும் தேவையில்ல, அதுக்குப் பக்கத்துல ஏன் அரை லீட்டர் போத்தல் வரிசையா நிக்கணும்? நோன்பு காலத்துல பள்ளிக்குக் கஞ்சி எடுக்கப் போற புள்ளைகளைப் பாருங்க, எல்லார் கையிலயும் வீட்டுப் பாத்திரம். பாத்திரம் கொண்டு போறது கஷ்டம் எண்டு அங்க யாரும் சொல்றதில்ல, அது வழக்கம், அவ்வளவுதான். இதே வழக்கத்தை வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துலயும் திருக்கோவில்லயும் நடக்கிற அன்னதானத்துக்கும் கொண்டு வரலாம்.

எப்பிடிக் கொண்டு வாறது? எங்கட கோயில்கள் குடிவழியில, அதாவது தாய்வழிக் குடும்பக் கூட்டங்கள்ட உரிமையில நடக்கிறது, கோயிலைப் பொறுப்பா நடத்துற வண்ணக்கர்மாரும் பரிபாலன சபையும் ஒரு முடிவெடுத்தா ஊர் கேட்கும். அதனால சடங்குக்குக் கதவு திறக்கிறதுக்கு முந்தின கூட்டத்துலயே கதையைத் தொடங்குங்க, திருவிழா நாள்ல மைக்குல கத்தி வேலையில்ல. வெறுங்கையோடயும் போகாதீங்க, ஏற்பாட்டைக் கையோட எழுதிக் கொண்டு போங்க: தாமரை இலை எந்தக் குளத்துல யார் பறிச்சுத் தருவாங்க, தண்ணிப்பந்தலுக்கு எவர்சில்வர் கிளாஸ் எத்தனை, கழுவ எத்தனை இளைஞர், கழுவுற தண்ணி எங்கால போகும். பள்ளியெண்டா நிர்வாகத்தோட கதைச்சு ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவுல சொல்லச் சொல்லுங்க, பாதையில கிடக்கிற தொந்தரவை அகற்றுறதும் ஈமான்ட ஒரு கிளை எண்டு ஹதீஸே இருக்கு, அதை விடப் பெரிய பாடம் யார் தரப் போறாங்க. மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் கதிரையும் கிடாரமும் வாடகைக்குக் குடுக்குதானே, அதோட நூறு இருநூறு எவர்சில்வர் தட்டையும் கிளாஸையும் சேர்த்து வச்சா ஊருக்கே காணும், சங்கத்துக்கும் காசு.

படிப்புப் பக்கம் ஒரு விசயம் மனசுல பட்டதைச் சொல்லுறன். பள்ளிக்கூடங்கள்ல சுற்றாடல் முன்னோடி எண்டு நல்ல திட்டம் இருக்கு, புள்ளைகள் ஆசையாச் செய்றாங்க, ஆனா வீட்டுக்கு வந்தா அவங்கட சொல்லுக்கு இடமில்ல. புள்ளைக்கு ஒரு பொறுப்பைக் குடுங்க, போத்தல் உரபேக் உன்ட பொறுப்பு, வித்த காசும் உன்ட கொப்பிக்கு எண்டு. கிழமைக்கு ஒருக்கா வளவைச் சுத்தி வந்து தண்ணி நிக்கிற யோகட் கப், சிரட்டை, டயரைக் கவிழ்க்கிறதையும் அவங்களிட்டயே விடுங்க, நுளம்பு முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள்தான் எடுக்கும், மாரியில எங்கட பக்கம் டெங்கு படுத்துற பாடு தெரியும்தானே. பேரப்புள்ள சொன்னா மாமாவும் அப்பப்பாவும் கேட்கிறாங்க, அடுத்த வீட்டான் சொன்னாச் சண்டை வருது. ஆம்புளைகளுக்கும் ஒரு சொல்லு, கழுவுறது காயவைக்கிறது பிரிக்கிறது எல்லாத்தையும் மனுசியிட தலையில போட்டா மூணாம் கிழமை எல்லாம் பழையபடி மூலை நெருப்புக்குத்தான் போகும். போத்தல் கழுவ ஆம்புளைக் கைக்கும் ஏலும்.

பக்கத்து வீட்டார் எரிச்சா போய் ஏசாதீங்க. உங்கட உரபேக்கைக் காட்டி, மாமி நீங்களும் போத்தலை இதுக்குள்ள போடுங்க, ஆள் வந்தாச் சேர்த்துக் குடுப்பம் எண்டு கேளுங்க. நாலு வீடு சேர்ந்தா வாங்குற ஆளும் விருப்பத்தோட வருவார், ஒரு வீட்டுப் போத்தலுக்காக யாரும் ஒழுங்கைக்குள்ள வரமாட்டாங்க.

கடைசியா மிஞ்சுற மெல்லிய உறைகள். சபை ட்ராக்டர் வாற இடமெண்டா எந்த நாள் எதை எடுப்பாங்க எண்டு கேட்டுக் குசினிச் சுவர்ல எழுதி ஒட்டுங்க, காலையில அது வாற நேரத்துக்குத்தான் வெளியில வைங்க, ராவைக்கு வச்சா நாய் கிளறிக் கானுக்குள்ள போய், மழைத் தண்ணி அடைச்சு, கடைசியில வாவிக்கோ தோணாவுக்கோ போயிரும். படுவான்கரைப் பக்கத்துல, வயல் ஓரக் குடியிருப்புகள்ல ட்ராக்டர் வராத இடம் கனக்க இருக்கு. அங்க காய்ஞ்ச உறைகளை உரபேக்குக்குள்ள இறுக்கி அமத்திச் சேருங்க, கழுவிக் காஞ்சது மணக்காது, மாசக்கணக்கா வச்சிருக்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கத்தால பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுங்க, தினமும் வாங்க எண்டு கேட்டா முடியாது எண்டுதான் பதில் வரும், மாசத்துக்கு ஒரு நாள், இன்ன சந்தியில, எல்லா வீட்டு உரபேக்கையும் நாங்களே கொண்டு வந்து வைக்கிறம், வந்து ஏத்திட்டுப் போங்க எண்டு கேளுங்க. எத்தனை வீடு, எத்தனை உரபேக் எண்டு எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்தையும் சேர்த்துக் குடுங்க, கடிதத்துட பிரதி ஒண்டை கிராம சேவகரிட்டயும் குடுத்து வைங்க.