மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனையும் விடாமல் எடை குறைக்க

24 வயதில் நான் 86 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வேலை. போகவர பஸ்ஸில் மூன்று மணி நேரம், மீதி நேரம் நாற்காலியில். ஒரு நாள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது மூச்சு வாங்கியது, அன்றைக்கே முடிவெடுத்து எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு ஆப்பிள். 12 நாளில் 5 கிலோ இறங்கியது. 13-ஆம் நாள் பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டி, பழக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, அதற்குள் அந்த 5 கிலோவும் திரும்பி வந்துவிட்டது.

அந்த 5 கிலோவில் ஒரு நல்ல பங்கு கொழுப்பே இல்லை, தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கிற சர்க்கரையின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், பட்டினி போட்டால் முதலில் கரைவது அதுதான். அடுத்து தசை. முடி கொட்டுவதும் இப்படி அதிரடியாகக் குறைக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வருவது, அதனால் பலருக்குக் காரணமே புரியாமல் எண்ணெயை மாற்றிக்கொண்டு இருப்பார்கள். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்பு கூடும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முதலில் உங்களுக்குக் குறைக்க வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள். எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டுகிற எண். நம் ஆட்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வைக்கிறார்கள். எனக்கு அப்போது 30-ஐத் தாண்டியிருந்தது. இடுப்புச் சுற்றளவும் அளந்துகொள்ளுங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் என்றால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். பி.எம்.ஐ 18.5-க்குக் கீழே இருந்துகொண்டு கல்யாணப் போட்டோவுக்காக இன்னும் இரண்டு கிலோ குறைக்கிறேன் என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து இதை இங்கேயே மூடிவிடுங்கள். 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது. காரணமே இல்லாமல் எடை ஏறுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, எப்போதும் அசதி என்றால் தைராய்டு, பி.சி.ஓ.எஸ் (சினைப்பை ஹார்மோன் கோளாறு) இரண்டையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ போகும். சரி, அந்த 500-ஐ எங்கே பிடிப்பது? இங்கேதான் நம்மூர்க்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஓட்ஸும் கீன்வாவும் வாங்கி வைப்பார்கள், பத்து நாளில் வெறுத்துப்போய் பழையபடி உட்கார்ந்துவிடுவார்கள். நான் வேறு சாப்பாட்டுக்குப் போகவில்லை, அதே தட்டில் அளவைத் திருப்பிப் போட்டேன்.

எங்கள் வீட்டு ராத்திரித் தட்டையே எடுத்துக்கொள்வோம். அவித்த மரச்சீனி குவியலாக, பக்கத்தில் காந்தாரி மிளகுத் துவையல், ஓரமாகச் சாளைக் கறி, அதில் இரண்டு மீன். பச்சையாக 100 கிராம் மரச்சீனியில் 160 கலோரி, புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. ஒரு ஆள் அரைக் கிலோ சாதாரணமாக உள்ளே தள்ளுவோம், அதுவே 800 கலோரி. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு இது, எங்கள் தாத்தா நாளெல்லாம் மண் வெட்டிவிட்டுச் சாப்பிட்டார், அவருக்கு அது சரி. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்து அவர் அளவு சாப்பிட்டால் எங்கே போகும்?

மரச்சீனியை 150 கிராமுக்கு, அதாவது மூன்று நான்கு துண்டுக்குக் குறைத்தேன். மீனை நான்காக்கினேன். கூட ஒரு கிண்ணம் வெள்ளரி அல்லது முட்டைக்கோஸ் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்). முதல் நாள் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "மக்ளே, வல்ல சூக்கேடும் உண்டா?" (உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா) என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, வயிறு நிறைந்த உணர்வை அதுதான் நீட்டித் தருகிறது, எடை குறையும்போது தசை போகாமலும் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மீனைக் கறியாக வையுங்கள், பொரிப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் 61 நாள் தடைக்காலம், மீன் விலை கையைக் கடிக்கும். அந்த இரண்டு மாதமும் முட்டை (ஒன்றில் 6 கிராம் புரதம்), கறுப்புக் கொண்டைக்கடலை, சிறுபயறு.

காலைப் புட்டுக்கும் இதே வழிதான். ஒரு குற்றிப் (குழல்) புட்டுக்கு இரண்டு கரண்டி பயறு என்பதை அரைக் குற்றிக்கு ஒரு கிண்ணம் பயறு என்று ஆக்குங்கள், பப்படம் ஒன்று, பழம் வேண்டுமானால் பப்படம் வேண்டாம். கஞ்சியும் பயறும் இதைவிட நல்லது, தண்ணீரே பாதி வயிற்றை நிறைத்துவிடும். சம்பா அரிசிச் சோறு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது, தவிடு இருப்பதால் பசி தாங்கும், அவ்வளவுதான், கலோரி வெள்ளை அரிசியை ஒட்டித்தான் வரும். ராத்திரி சப்பாத்திக்கு மாறியவர்கள் எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தியையும் குருமாவையும் கணக்குப் பார்த்தால் சோறே தேவலை என்று தெரியும்.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாத கள்ளன். மாதத்துக்கு எத்தனை லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாலு பேர் வீட்டில் நாலு லிட்டர் என்றால் ஆளுக்குத் தினம் 30 மில்லிக்கு மேல், அதாவது சுமார் 250 கலோரி, ருசிக்கு அதில் பாதி போதும். எங்கள் வீட்டில் சட்டியில் நேராகச் சரிப்பதை நிறுத்தி ஒரு கரண்டியை எண்ணெய்க்கென்றே ஒதுக்கினோம், அடுத்த மாதம் ஒன்றரை லிட்டர் மிஞ்சியது. அவியலில் கடைசியாக ஊற்றுகிற பச்சை எண்ணெயை மட்டும் நான் தொடவில்லை, அதை எடுத்துவிட்டால் அது அவியலே இல்லை.

அப்புறம் நாலு மணி. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி அடுக்கி வைத்திருப்பார்கள், அடியில் போட்ட பேப்பர் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். பெரிய பழம்பொரி ஒன்று 200 கலோரியாவது வரும், அரை மணி நேரம் நடந்தால் எரிவது அதைவிடக் குறைவு. அதற்காக ஆயுசுக்கும் விடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்தேன், மற்ற நாளில் பையில் ஒரு பொட்டலம் அவித்த கடலை. சாயா ஒரு நாளைக்கு நாலு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அங்கேயே 160 கலோரி. மூன்று வாரத்தில் அரை ஸ்பூனுக்கு நாக்கு பழகிவிடும். பரோட்டா, பீஃப் கூட்டணிக்கும் சனிக்கிழமை ராத்திரி இடம் உண்டு, நாலுக்குப் பதில் இரண்டு, சால்னாவை ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்தில் நடந்தால் போதும். நான் வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை சிதறால் மலை. சமணச் சிற்பங்கள் இருக்கிற குன்று, கல் பாவிய பாதை, மேலே போனால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். முதல் தடவை நாலு இடத்தில் உட்கார்ந்தேன், என்னைவிட மூத்த ஒரு அம்மா பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். மூன்றாம் மாதம் நிற்காமல் ஏறினேன். எடை ரொம்ப அதிகம் இருக்கிறவர்களும் முட்டி வலி இருக்கிறவர்களும் சமதரையில் ஆரம்பியுங்கள், ஓட்டம் இப்போது வேண்டாம்.

தசைக்கு ஜிம் கட்டாயமில்லை. சுவரில் கை ஊன்றித் தண்டால், நாற்காலியில் உட்கார்வது போலப் போய் எழுந்திருப்பது, பையில் 5 கிலோ அரிசி போட்டுத் தூக்குவது, ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று. இடவப்பாதியும் துலா மழையும் என்று நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், நடை தடைப்படும்போது இதுதான் கை கொடுத்தது. நான் சேர்ந்த ஒரு ஜிம்மில் பயிற்சி சொன்னவர் கொழுப்பைக் கரைக்கும் பொடி என்று ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார். குடித்தால் நெஞ்சு படபடத்து ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், ஆக அந்தப் பொடி உடம்பு பெருக்கத்தான் உதவியது.

எடையை வாரம் இரண்டு நாள், காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடுமுன் பாருங்கள், மாதக் கணக்கை மட்டும் நம்புங்கள். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னால் தண்ணீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டுவது சகஜம். எனக்கு 86-லிருந்து 73-க்கு வர 11 மாதம் ஆனது. நடுவில் 78-ல் ஆறு வாரம் அசையவே இல்லை. உடம்பு சிறிதானால் அதற்குத் தேவையும் குறையும், பழைய அளவே இப்போது சரிக்குச் சரி ஆகிவிடும். அப்போது சாப்பாட்டை இன்னும் வெட்டாமல் நடையைக் கூட்டினேன், நகர்ந்தது. தலைசுற்றல், மாதவிடாய் நின்றுபோவது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சாப்பிட்டதற்காகக் குற்ற உணர்ச்சியோ வாந்தி எடுக்கத் தோன்றுவதோ வந்தால் டயட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பால் பாயசம் ஊற்றுவார்கள், அங்கே போய்க் கணக்குச் சொல்லாதீர்கள், ஒரு தடவை வாங்கி நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மறுநாள் மெஷின் ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும், அதில் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். மூன்று நாள் கழித்து ஏறிப் பாருங்கள்.