வீட்டில் மனநல நெருக்கடி: அரசாங்க உதவியைக் கேட்டு வாங்குவது எப்படி?

மலேசியாவில் உயிருக்கு ஆபத்தென்றால் 999. மற்றபடி சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: என்ன மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார், பக்கத்தில் கத்தி இருக்கிறதா? போலீஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமில்லை.

நோயாளி மருத்துவமனைக்கு வர மறுத்தால், மனநலச் சட்டம் 2001-இன்படி அவரைச் சேர்க்க உறவினர் விண்ணப்பிக்கலாம். மருத்துவர் நேரில் பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். பரிசோதனை நடந்து 5 நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும்.

பலர் சறுக்குவது வீடு திரும்பிய பிறகுதான். கோலாலம்பூரோ பினாங்கோ, டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள்: சமூக மனநலக் குழு வீட்டுக்கு வருமா, அடுத்த ஊசி என்றைக்கு, எந்த கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்)? எழுதியே வாங்குங்கள். வேலைக்குத் திரும்ப, சுகாதார அமைச்சின் சமூக மனநல மையமான மென்தாரி (MENTARI) உதவும். வாடகை வீடு மாறினால் முகவரியை உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் குழு பழைய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும்.