சப்தபதிக்குத் தமிழில் பொருள் சொல்ல: முதலில் சூத்திரம் கேளுங்கள்

தங்கை கல்யாணத்தில் மந்திரங்களுக்கு, முக்கியமாக மணமக்கள் ஏழு அடி எடுத்து வைக்கும் சப்தபதிக்கு, தமிழில் பொருள் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் செய்வதாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள்.

1. சாஸ்திரிகளிடம் "எந்த சூத்திரப்படி செய்யப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். சூத்திரம் என்பது வீட்டுச் சடங்குகளின் முறையைச் சொல்லும் பழைய நூல்; குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். நான் இதைக் கேட்காமல், இணையத்தில் கிடைத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் அடிக்கும் பொருள் போட்டு அட்டை அச்சடித்துவிட்டேன். மூன்றாம் அடிக்குச் 'செல்வம்' என்று போட்டிருந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு சாஸ்திரிகள் சொல்லிக் காட்டியபோது காதில் விழுந்தது "த்ரீணி வ்ரதாய". விரதம், அதாவது நோன்பு. செல்வம் என்று வருவது ஆச்வலாயன சூத்திரத்தில், எங்களுடையதோ ஆபஸ்தம்பம். ஐந்தாம் அடியும் அப்படித்தான்: அங்கே மக்கட்பேறு, எங்களுக்குக் கால்நடை. முதல் அடி உணவுக்கு, இரண்டாவது வலிமைக்கு என்பது இரண்டிலும் ஒன்று. அட்டையை மறுபடி அச்சடித்தோம்.

வட இந்தியாவின் 'ஏழு வாக்குறுதிகள்' பட்டியலையும் அப்படியே எடுக்காதீர்கள். அது வேறு வழக்கம்.

2. சாஸ்திரிகளை நிதானமாகச் சொல்லச்சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் நோட்டில் கையால் எழுதுங்கள். எனக்கு இதுதான் சரிப்பட்டது; எழுதும்போதுதான் எந்த வார்த்தை புரியவில்லை என்று தெரிகிறது.

3. எங்கே பேசுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளத்தில் ஒன்றும் கேட்காது. "மாங்கல்யம் தந்துனானேன" சுலோகத்தின் பொருளை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அம்மி மிதிக்கும்போது ஒரு வரி போதும்: "இந்தக் கல்லைப் போல உறுதியாக இரு."

4. சப்தபதிக்கு மட்டும் மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மாப்பிள்ளை குனிந்து, மணப்பெண்ணின் மஞ்சள் பூசிய வலது காலைக் கையில் பிடித்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பார். ஏழாவது அடி முடிந்ததும் "ஸகா ஸப்தபதா பவ" என்று வரும். ஏழடி கூட நடந்தவளே, எனக்குத் தோழியாக இரு. தொடர்ந்து, "உன் நட்பிலிருந்து நான் பிரியாதிருப்பேனாக, என் நட்பிலிருந்து நீ பிரியாதிரு." முதல் ஆறு அடிகளும் வீட்டுக்கு வேண்டியதைக் கேட்கின்றன, இங்கே கேட்பது நட்பை. இதைத் தமிழில் சொன்னதும் தங்கை சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பத்து நொடி விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பின்சேர்க்கை: "எங்கள் கல்யாணங்களில் சப்தபதியே கிடையாது, அப்போது செல்லாதா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். செல்லும். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இரு வீட்டில் ஒரு வீட்டாரின் வழக்கப்படி நடத்தினாலே ஏற்கிறது. அந்த வழக்கத்தில் சப்தபதி இருந்தால்தான் ஏழாம் அடியில் திருமணம் முழுமையாகும். தமிழ்நாட்டில் 1967இல் சேர்த்த 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்துக்கானது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும், புரோகிதர் தேவையில்லை. உறுதிமொழி சொல்வதாக இருந்தால் முந்தின நாளே இருவரும் ஒருதடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீளமான வாக்கியம் மேடையில் மூச்சு முட்டும்.