குருசடியிலிருந்து லத்தீன் வரை: ஒரு சொல்லின் வேரைப் பிடிக்கும் முறை

குமரிக் கடற்கரையில் குருசடி, அதாவது சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடம், தெரியாதவர் இல்லை. அதில் 'அடி' தமிழ். 'குருசு' போர்ச்சுகீசிய 'குரூஸ்'. அதன் உடன்பிறப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: ஸ்பானியத்தில் குரூஸ், இத்தாலியத்தில் குரோச்சே, பிரெஞ்சில் குருவா, ருமேனியத்தில் குருச்சே.

இனி லத்தீன் வேர். அகராதியில் 'குருக்ஸ்' என்றிருக்கும். அதிலிருந்து தொடங்கினால் ஒலிக்கணக்கு இடிக்கும். லத்தீனில் பிறந்த மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்து வந்தவை. ஆகவே 'குருக்கெம்' என்று எழுதுங்கள். ஈற்று 'ம்' உதிர்ந்தது. 'எ'க்கு முன் நின்ற 'க்' இத்தாலியத்திலும் ருமேனியத்திலும் 'ச்' ஆனது, போர்ச்சுகீசியத்தில் 'ஸ்' ஆனது. பிரெஞ்சில் எழுத்தில் மட்டும் ஒரு மெய் மிச்சமிருக்கிறது, வாயில் இல்லை.

உயிரெழுத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். அதே அச்சில் வார்த்த இன்னொன்றைப் பக்கத்தில் வையுங்கள். கொட்டையைக் குறிக்கும் 'நுக்கெம்' இத்தாலியத்தில் நோச்சே, போர்ச்சுகீசியத்தில் நோஸ். லத்தீன் குறில் 'உ' அங்கெல்லாம் 'ஓ' ஆகியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி போர்ச்சுகீசியத்தில் 'குரோஸ்' அல்லவா வந்திருக்க வேண்டும்? கோயிலில் ஓயாமல் கேட்ட திருச்சபை லத்தீன் அந்த 'உ'வை மாற விடவில்லை என்பதே மொழியியலார் தரும் விளக்கம். ருமேனியத்துக்கு இந்த விளக்கம் வேண்டாம். அங்கே குறில் 'உ' நிலைப்பதே வழக்கம்.

பொருளையும் தனியாகக் குறியுங்கள். ரோமரிடம் அது குற்றவாளியைக் கொல்லும் மரம். வணக்கத்துக்குரிய பொருள் கிறிஸ்தவத்தோடு வந்தது. குறுக்கு வடிவத்திலிருந்து 'குருஸார்', அதாவது குறுக்கே கடத்தல், பிறந்தது. சாலைகள் வெட்டிக்கொள்ளும் முக்குக்கும் போர்ச்சுகீசியத்தில் இதே வேர்ச்சொல்தான்.

கடைசியாகத் தமிழுக்கு வந்த வழி. ஆங்கில 'கிராஸ்'தான் குருசு ஆனது என்று எழுதிவிடாதீர்கள். 'உ' ஒலி போர்ச்சுகீசியத்தையே காட்டுகிறது. 'க்ரு' தமிழ் நாக்கில் 'குரு' என்று விரிந்து, ஈற்றில் ஒரு 'உ' சேர்ந்தது. காலமும் ஒத்துவருகிறது: போர்ச்சுகீசியரோடு வந்த பாதிரியார் சவேரியார் இந்தக் கரையில் திருமுழுக்குக் கொடுத்தது 1544-இல், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1600-இல்.

'சிலுவை'யை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். பொருள் ஒன்றே என்றாலும் அது சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'. அதற்கு வேறு தாள் எடுங்கள்.