யாழினி என்று பெயர் வைக்கப் போகிறீர்களா?

யாழினி, கயல்விழி, இளமாறன், எழில் என்று தமிழ்ப் பெயர் தேடும் பெற்றோர் கூடிவருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ழகரம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆனால் பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்கும் முன் ஆங்கில எழுத்துகளை முடிவு செய்துவிடுங்கள். மருத்துவமனையில் கேட்கிறார்களே என்று அவசரமாகச் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், சரி. ஆனால் பெயரைச் சேர்க்க, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லை.

ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் 'இசட் எச்' பழகிவிட்டது. ஈழத் தமிழர் பலர் 'எல்' போடுவார்கள். வெளிநாட்டுக்காரர் 'இசட் எச்'சைப் பார்த்தால் 'யாசினி' போல ஏதோ சொல்வார். 'எல்' என்றால் 'யாலினி' என்பார், அது ஓரளவு பக்கத்திலாவது வருகிறது. குழந்தை வெளிநாட்டில் வளரும் என்றால் நான் 'எல்' பக்கம்தான்.

எழுதிய பெயரைத் தமிழ் தெரியாத நண்பரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் போனில் ஒருவருக்கு ஒருமுறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். எண்கணிதத்துக்காகக் கூடுதல் 'ஏ', 'எச்' சேர்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பாவம் குழந்தை, ஆயுசுக்கும் விளக்கிக்கொண்டே இருக்கும்.

இனிஷியலையும் இப்போதே யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் அதை விரித்துத்தான் எழுத வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆதாரிலும் பள்ளியிலும் அதே எழுத்துகளையே கொடுங்கள்.